களத்துக்கு வந்த மோடம்

அந்தப் பையில இருக்கறது லேப்டாப்புங்களா? நினைச்சேன். எடுத்து மடியில வெச்சுக்கங்க. மேல போட்டீங்கன்னா பல்லடம் போறதுக்குள்ள நாலு வாழைத்தாரு அது மேல ஏறிரும். நம்மளதும் இருக்குதுங்க. இதா, இந்தப் பையில துண்டு சுத்தி வெச்சிருக்கறேன் பாருங்க. துண்டு எதுக்குன்னா, குலுங்கக் கூடாதுங்க. நீங்க கம்ப்யூட்டர் வேலைங்களா? அப்ப நான் சொல்றது உங்களுக்குப் புரியும். புரியாத சனத்துக்கிட்டச் சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிச்சுப்போச்சு.

ஒரு வார்த்தைங்க. ஒரே ஒரு வார்த்தையால என்ற பேரு போச்சு. தப்பு என்ற பக்கம் இல்லீங்க. முழுசாக் கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்க.

என்ற பேரு தெய்வசிகாமணி. காங்கயத்துல சென்னியப்பன் களம்னு யாரைக் கேட்டாலும் கை காட்டுவாங்க. களம்னா தெரியுங்களா? தேங்காய ரெண்டா ஒடைச்சு சிமெண்டுத் தரையில வெயிலுக்குப் பரப்பி விடுவோமுங்க. ரெண்டு மூணு நாள்ல தொட்டிய, கொட்டாங்குச்சியத்தான் சொல்றேன், அதை விட்டுப் பருப்பு கழண்டுக்கும். அதை மறுக்கா நாலஞ்சு நாள் காயப் போட்டா எண்ணெய் ஆட்டற பக்குவத்துக்கு வந்துரும். எங்க ஊர்ல மழை கம்மி, அதனாலதான் எங்கெங்கிருந்தோ காய் எங்களுக்கு வருது. காயற பருப்புல ஒரு மழை விழுந்துதுன்னு வெச்சுக்கங்க, பூசணம் புடிச்சுக் கறுத்துப்போயிரும். மில்லுக்காரன் மோந்து பாத்துட்டு அப்படியே லாரியத் திருப்பி விட்டுருவான். அதனால களத்துக்காரனுக்கு வேலைன்னு பாத்தா ஒண்ணுதானுங்க. வானத்தைப் பாக்கறது.

சென்னியப்பன் என்ற மாமனாருங்க. நான் ஊட்டோட மாப்பிள்ளை. பத்தொம்பது வருசமாச்சு. பத்தொம்பது வருசத்துல ஒருத்தராச்சும் என்னையப் பேரு சொல்லிக் கூப்புட்டிருப்பாங்கன்னு நினைக்கறீங்க? லோகநாயகி ஊட்டுக்காரரு. அவ்வளவுதான். லோகநாயகி என்ற சம்சாரமுங்க. காய் எறக்க லாரி வந்தா டிரைவரு சீட்டுல "லோகநாயகி ஊட்டுக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது"ன்னு எழுதறான். ஏனப்பா என்ற பேர எழுதலாமல்லன்னு கேட்டா, எடம் பத்தாதுங்கறான். அவன் எழுதினது என்ற பேரை விட நீளமுங்க. சிரிக்கறீங்க, ஆனா எனக்கு மனசு நொந்துதுங்க. நிசமாலுமே நொந்துது. தெய்வசிகாமணி களம்னு ஒருக்கா, ஒரே ஒருக்கா, யாராச்சும் சொல்லிக் கேட்டுறோணும்னு ஒரு ஆசை. தப்புங்களா?

போன மாசியில மாமனாரு பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடைஞ்சுபோச்சு. கட்டில்ல படுத்துக்கிட்டே என்னையக் கூப்புட்டாரு. "இந்தக் கோடைக்குக் களத்த நீங்க பாருங்க மாப்ள. ஆடி கழியட்டும். யாரு பேர்ல எழுதறதுன்னு அப்ப முடிவு பண்ணிக்கலாம்"ன்னாரு. பக்கத்துல லோகநாயகியும் நின்னா. அவளுக்குக் கூடப் பொறந்தவங்க யாருமில்லீங்க. எழுதினா ஒண்ணு எனக்கு, இல்லாட்டி அவளுக்கு.

அவளுக்கு எதுக்குங்க களம்? வெடியால அஞ்சு மணிக்குப் போனான்னா ஆளுகளுக்கு வேலை பிரிச்சு விடோணும், காய் எறக்கறதப் பாக்கோணும், மில்லுக்காரங்ககிட்டப் பேசோணும், பொழுது உழுகறப்ப எல்லாத்தயும் மூடிப்போட்டு ஊட்டுக்கு வரோணும். அப்பனுக்கு இடுப்பு ஒடைஞ்ச பொறகு அவரைப் பாக்கறதும் சேந்துக்கிச்சு. இத்தனை சோலிக்கு நடுவால களத்தப் பாத்துக்க அவளுக்கு நேரம் ஏது, நீங்களே சொல்லுங்க.

சரி, இந்த ஒரு கோடையில நாம யாருன்னு காட்டிரோணும்னு முடிவு பண்ணிட்டேன். என்ற தம்பி பெங்களூர்ல ஒரு கம்பெனியில இருக்கறான். அவங்க கம்பெனியில கழிச்சுப் போட்ட லேப்டாப்பு ஒண்ணை எனக்குக் குடுத்தான். இதுதானுங்க அது. பழசுதான், ஆனா கெட்டி. கீழ போட்டா தரைதான் ஒடையும். குடுக்கறப்ப அவன் ஒரு வார்த்தை சொன்னான். அண்ணா, இதுல நெட்டு வந்துச்சுன்னா மழை மேகம் எங்கிருக்குதுன்னு மேல ஆகாசத்துல இருந்து எடுத்த படத்துலயே பாக்கலாம்னான். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலீங்க. மாமனாரு நாப்பது வருசமா நெத்தியில கையை வெச்சுக்கிட்டு கீழ இருந்து வானத்தைப் பாத்தவரு. நான் மேல இருந்து பாக்கப் போறேன். அப்பறம் யாரு பேர்ல எழுதுவாங்க?

ஆனா லேப்டாப்புல நெட்டு சும்மா வராதுங்களாம். உங்களதெல்லாம் புதுசு, எல்லாம் உள்ளயே இருக்கும். இதுக்குப் பக்கவாட்டுல, இதா பாருங்க, உண்டியல் வாயாட்ட ஒண்ணு இருக்குது பாத்தீங்களா? இதுக்குள்ள ஒரு கார்டு வாங்கிச் சொருகோணும். சீட்டுக்கட்டுச் சீட்டு அகலம், பிஸ்கட்டு கனம். எந்தக் கார்டுன்னு கேட்டதுக்குத் தம்பி, கோயமுத்தூர்ல கேட்டுக்கண்ணா, மீட்டிங் இருக்குதுன்னு வெச்சுட்டான்.

காந்திபுரத்துல ஒரு மாடியில பழைய லேப்டாப்புச் சாமான் விக்கற கடை இருக்குதுன்னு சொன்னாங்க. போனேன். உள்ள ஒரு பொம்பளை மட்டும் உக்காந்து என்னமோ ஒயரை ஈயம் வெச்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. மெஹருன்னிசான்னு பேரு, அப்பறந்தான் தெரியும். என்ன வேணுமுங்க சார்னு கேட்டுச்சு. ஓனர் வரட்டும் அம்முணி, இது கொஞ்சம் டெக்னிக்கலான விசயம்னு சொல்லிப்போட்டு உக்காந்துட்டேன். அரை மணி நேரம் உக்காந்திருந்தேனுங்க. அப்பறம் அதுவே, நாந்தான் சார் ஓனர்னு சொல்லுச்சு. மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?

களத்துல ஃபோன் லைன் இருக்குது, நெட்டு வரோணும்னு லேப்டாப்பைக் குடுத்தேன், திருப்பி அந்த உண்டியல் வாயை ஒரு பார்வை பாத்துச்சு. பாத்துட்டு கடகடன்னு சொல்ல ஆரம்பிச்சுருச்சு. "இது பழைய மாடலுங்க சார். பதினாறு பிட் கார்டுதான் ஏறும். ஓரத்துல தங்கக் கலர்ல பட்டை போட்டு ஒரு கார்டு காட்டுவாங்க, அது முப்பத்திரண்டு பிட்டு, வேகம் ஜாஸ்தி, ஆனா இதுல உள்ளயே போகாது. உங்களுக்கு ஃபோன் லைன்ல நெட்டு, அதனால மோடம் கார்டு கேட்டு வாங்குங்க. நெட்வொர்க் கார்டு வேற, அது ஆகாது. வாங்கறப்ப கார்டையும் ஃபோன் லைனையும் சேக்கற வால் ஒயரு இருக்கான்னு பாத்துக்கங்க. எங்ககிட்ட இன்னைக்கு ஸ்டாக் இல்ல, பத்து நாள் கழிச்சு வாங்க."

அது சொன்னது அத்தனையும் சரிங்க. பொறகு தெரிஞ்சுது. ஆனா சொன்ன விதம் சரியில்லை. நான் ஒண்ணுமே கேக்கலை, அதுக்குள்ள எல்லாத்தயும் சொல்லிப்போட்டா எப்படிங்க நம்பறது? அதுவுமில்லாம, ஒசத்தியான சாமானை வாங்காதீங்கன்னு எந்தக் கடைக்காரராச்சும் சொல்லுவாங்களா? அங்கதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. கீழ எறங்கி எதுத்தாப்புலயே இன்னொரு கடைக்குப் போனேன். அங்க டை கட்டின ஆளு ஒருத்தரு இருந்தாரு. இருக்கறதுலயே வேகமான கார்டு எதுங்கன்னேன். எடுத்து வெச்சாரு. ஓரத்துல தங்கக் கலர்ல பட்டை. பாக்கறப்பவே ஒரு மரியாதை வந்துச்சுங்க.

ஊட்டுக்கு வந்து சொருகினா முக்காவாசி போகுது, அதுக்கு மேல போகமாட்டீங்குது. கட்டைவிரலு செவக்கற வரைக்கும் அமுக்கினேன். அப்பறம் புதுச் சாமானுதானே, கொஞ்சம் இறுக்கமா இருக்கும்னு நினைச்சு ரெண்டு ஓரத்துலயும் தேங்காண்ணெய் தடவிப் பாத்தேன். நம்ம களத்துப் பருப்புல ஆட்டின எண்ணெய்தானுங்க, சுத்தமானது. அப்பவும் ஏறலை. திருப்பிக் குடுக்கப் போனா அந்த டை கட்டின ஆளு கார்டை மோந்து பாத்துட்டு என்னையப் பாத்தாரு. எண்ணெய் வெச்ச சாமானை எந்தக் கம்பெனியும் திருப்பி எடுக்காதுன்னுட்டாரு.

ரெண்டாவது தடவை சூதானமா இருந்தேன். தங்கப் பட்டை இருக்கக் கூடாது, பதினாறு பிட்டா இருக்கோணும், நெட்டு வரோணும்னு சொல்லி வாங்கினேன். நெட்வொர்க் கார்டு குடுத்தாங்க. நெட்டு வேணும்னா நெட்வொர்க் கார்டுதானுங்களே, பேர்லயே இருக்குது. அந்த அம்முணி என்னமோ வேறன்னு சொல்லியிருந்துச்சு, ஆனா அது ஏத்துக்கற மாதிரி இல்லை. கார்டு வழுக்கிக்கிட்டு உள்ள போச்சு. ஃபோன் ஒயரைச் சொருகினேன், அதுவும் போச்சு, கொஞ்சம் தொளதொளன்னு நின்னுச்சு. ரெண்டு நாள் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேனுங்க. லைட்டு எரியலை. தம்பிக்கு ஃபோன் பண்ணினா சிரிக்கறான். அது ஒரு கம்ப்யூட்டரையும் இன்னொரு கம்ப்யூட்டரையும் கட்டறதுக்குண்ணா, களத்துல இன்னொரு கம்ப்யூட்டரா இருக்குதுன்னு கேக்கறான். இல்லாட்டி என்ன, வாங்கிட்டாப் போச்சுன்னு லோகநாயகிகிட்டச் சொன்னேன். அவ பாத்த பார்வையில அந்த யோசனையை விட்டுப்போட்டேன்.

மூணாவது வாங்கினது மோடம் கார்டேதான். வால் ஒயரு இல்லை. அதை விடுங்க.

பங்குனி போயிருச்சு, சித்திரையும் பாதி போச்சு. லோகநாயகி ஒரு கல்யாணத்துக்குக் கோயமுத்தூரு போனவ, வரும்போது மஞ்சப்பையில தேங்காய் பழத்தோட ஒரு டப்பாவும் கொண்டாந்தா. பதினாறு பிட் மோடம் கார்டு, வால் ஒயரோட. அந்த மெஹருன்னிசா கடைக்கே போயிருக்கறா. ஒரு நாள் சோறு திங்கறப்ப அந்த அம்முணியப் பத்தி நான் கொறை சொல்லிக்கிட்டு இருந்தேன் பாருங்க, அதுல இருந்து எல்லாத்தயும் ஞாபகம் வெச்சிருக்கறா. ஆக, நான் சொன்னதை வெச்சுத்தான் வாங்கியிருக்கறா. அந்த வகையில தேர்ந்தெடுத்தது நானுன்னுதான் வரும். சொருகினேன், டக்குன்னு உக்காந்துக்கிச்சு. அப்ப அவ ஒண்ணு சொன்னா. "நெட்டு ஓடறப்ப ஃபோன் வராதாமுங்க. களத்துக்கு இன்னொரு லைன் போட்டுப்போட்டு இதை மாட்டச் சொல்லுச்சு அந்தப் புள்ள"ன்னா. எனக்குத் தெரியும்னு சொன்னேன். தெரியாதுதான். ஆனா எல்லாத்தயுமே அவதான் சொல்லோணும்னா அப்பறம் நான் எதுக்குங்க?

இனிமேதானுங்க அந்த வார்த்தை வருது. நீங்க எந்தப் பக்கம்? மெட்ராஸுங்களா, அப்பத் தெரிஞ்சிருக்காது. எங்க பக்கம் வானம் மூடிக்கிட்டு வந்தா மோடம் போட்டிருக்குதும்போம். மோடம் கட்டுதும்போம். களத்துல யாராச்சும் ஒருத்தரு மோடம்னு கத்துனாப் போதும், கைவேலையப் போட்டுட்டு அத்தனை பேரும் ஓடிவந்து பருப்ப வாரிக் குமிச்சுத் தார்ப்பாயைப் போட்டு மூடிருவாங்க. பொறந்ததுல இருந்து பழகினது, யாரும் யோசிக்கறதே இல்லை. இப்ப இந்தக் கார்டுக்கும் அதே பேரை வெச்சிருக்கறாங்க. வெச்சவங்க காங்கயத்துல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?

எடை போடற ரூம்ல ஃபோன் இருக்குது. அங்கதான் லேப்டாப்பை வெச்சேன். மாட்டின அன்னைக்கு மத்தியானம் தம்பிக்கு ஃபோன் போட்டேன். லைன்ல ஒரே இரைச்சல். என்னண்ணா என்னண்ணாங்கறான். எனக்கும் தொண்டை கிழிஞ்சுது. மோடம், மோடம், மோடம் வந்துருச்சுன்னு கத்தறேன். வெச்சுட்டு வெளிய வந்து பாத்தா, களத்துல ஒரு பருப்பு இல்லீங்க. இருபத்திரண்டு பேரும் எல்லாத்தயும் வாரிக் குமிச்சு மூடிப்போட்டு, கொட்டாயி ஓரமா நின்னு வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கறாங்க. வெயிலு கொளுத்துது. மேல ஒரு காக்காகூட இல்லை.

மாராத்தான்னு ஒரு பொம்பளை, ஆளுகளுக்கு அதுதான் மூப்பு. அது வந்து, எங்கீங்க மோடம்னு கேட்டுச்சு. நான் மிசினைத்தான் கேக்குதுன்னு நினைச்சுக்கிட்டு, இதா உள்ள இருக்குது, வந்து பாருன்னு கூட்டிக்கிட்டுப் போனேன். ரூமுக்குள்ள வந்து நின்னு மேல கூரையைப் பாத்துச்சுங்க. ரொம்ப நேரம் அண்ணாந்து பாத்துச்சு. அப்பறம் என்னையப் பாத்துச்சு. தார்ப்பாயை எடுக்கப் போயிருச்சு.

மறுபடி பரப்பறதுக்குள்ள பாதி நாள் வெயிலு போச்சு. இது சரிப்படாதுன்னு எடை ரூம் கதவுல சாக்பீஸ்ல எழுதிப் போட்டேன். "இக்களத்தில் இனி மோடம் என்பது இயந்திரத்தை மட்டுமே குறிக்கும். வானத்தில் வருவதை மேகமூட்டம் என்று கூறவும். இப்படிக்கு, தெய்வசிகாமணி." எல்லாரையும் கூப்புட்டு வாயாலயும் சொன்னேன். ஒருத்தரு ரெண்டு பேரு சிரிச்சாங்க. லோகநாயகி நின்னு படிச்சுப் பாத்துட்டு, "மழை வர்றப்ப இத்தனை நீளமாக் கத்தறதுக்குள்ள நனைஞ்சுருமுங்க"ன்னா. நல்ல தமிழ்ல சொன்னா யாருக்குங்க புடிக்குது?

வைகாசி. ஒரு வியாழக்கெழமை. அன்னைக்கு லோகநாயகி ஊட்டுல அப்பனுக்குக் கட்டுப் பிரிக்க டாக்டரு வர்றாருன்னு அங்க இருந்தா. ஊடு களத்துல இருந்து ரெண்டு மைலு. களம் பூராவும் அஞ்சாம் நாள் பருப்பு, நாளைக்கு அள்ளுனாப் போதும். கோடை முழுக்கக் காய வெச்சதுல பெரிய தொகுப்பு அதுதான். பத்து வருசமா நம்மகிட்டயே எடுக்கற மில்லுக்குப் போகோணும். அது நல்லபடியா லாரி ஏறிருச்சுன்னா களம் என்ற பேருக்குத்தான், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை.

மத்தியானம் ரெண்டு மணிக்கு நெட்டைப் போட்டேன். அது கீ கீன்னு கத்தி, உறுமி, அப்பறம் புடிச்சுக்கிச்சு. மொதல் தடவையாப் புடிக்குதுங்க. தம்பி சொல்லிக் குடுத்த மாதிரியே அமுக்கினேன், இந்தியாப் படம் வர ஆரம்பிச்சுது. மேல இருந்து மேகம் தெரியற படம். வெயிலு அடிச்சா இதுல ஸ்கிரீன் தெரியாதுங்க, அதனால சன்னல்ல ஜமக்காளத்தைக் கட்டி விட்டிருந்தேன். கதவையும் சாத்திட்டேன். படம் மேல இருந்து கீழ, ஒவ்வொரு கோடா எறங்குது. காஷ்மீர் வந்துச்சு. காஷ்மீர்ல அன்னைக்கு வானம் அத்தனை தெளிவுங்க. டெல்லி வர்றதுக்குக் கால் மணி நேரமாச்சு. டெல்லியிலயும் மேகம் இல்லை.

மாராத்தா கதவைத் தட்டுச்சு. "ஏனுங்க, மோடம் கட்டுதுங்க."

"ஆமா, இப்பத்தான் கட்டியிருக்குது. யாரும் எதையும் தொட்டுறாதீங்க"ன்னேன்.

"தொடவே வேண்டாமுங்களா?"

"தொட்டீங்கன்னாத் தொலைச்சுப்போடுவேன். என்ன செய்யோணும்னு நான் பாத்துட்டுச் சொல்றேன்"ன்னேன்.

நீங்களே சொல்லுங்க, இதுல என்ற தப்பு எங்கீங்க இருக்குது? எழுதிப் போட்டிருக்கறேன், கையெழுத்தும் போட்டிருக்கறேன். மேகமூட்டம்னு சொல்லியிருந்தா நான் எந்திரிச்சிருக்க மாட்டேனா? பின்னால இதை மாராத்தாகிட்டயே கேட்டேன். அதுக்கு அது, "மேகமூட்டம் ரேடியோவுல வர்றதுங்க. களத்துக்கு வர்றது மோடந்தானுங்க"ங்குது. இந்த ஆளுகளை வெச்சுக்கிட்டு எப்படிங்க தொழிலை நவீனப்படுத்தறது?

அவங்களும் சும்மா நின்னுட்டாங்க. மொதலாளி தொடாதீங்கன்னா தொடுவாங்களா? இருபத்திரண்டு பேரும் தார்ப்பாய்ப் பக்கத்துலயே நிக்கறாங்க, யாரும் கையை வெக்கலை. படத்துல நாக்பூரு வந்துச்சு. ஐதராபாத்து வந்துச்சு. ஆந்திராவுல கீழ ஓரத்துல கொஞ்சமா வெள்ளை தெரிஞ்சுது. சரி, வருதாட்ட இருக்குது, இன்னும் கொஞ்சம் எறங்கட்டும்னு பாத்துக்கிட்டே இருக்கறேன். அடுத்து நம்மூருதான். ஓட்டு மேல சடசடன்னு ஆரம்பிச்சுதுங்க. நான் மொதல்ல மிசின்ல இருந்து வர்ற சத்தம்னு நினைச்சேன்.

வெளிய ஓடியாந்து பாத்தா கண்ணு தெரியாத மழை. இருபத்திரண்டு பேரும் நனைஞ்சுக்கிட்டு என்ற மூஞ்சியப் பாக்கறாங்க. அந்த நேரம் பாத்து லோகநாயகி மொபெட்டுல வந்து எறங்கினா, சொட்டச் சொட்ட. வண்டிய ஸ்டேண்டுகூடப் போடலை, அப்படியே கீழ உட்டுப்போட்டுத் தார்ப்பாயைப் புடிச்சு இழுத்தா. அவ இழுத்ததைப் பாத்ததும்தான் எல்லாரும் ஓடினாங்க. நானும் ஓடினேனுங்க. ஒரு மூலைய நானுந்தான் புடிச்சேன். ஆனா களத்துல தண்ணி ஓடுது, பருப்பு மெதக்குது. இருபது நிமிசம் அடிச்சுட்டு மழை நின்னுருச்சு. வெயிலு வந்துருச்சு.

மாமனாரு கட்டில்ல படுத்துக்கிட்டே சன்னல் வழியா மோடம் கட்டறதைப் பாத்திருக்கறாரு. பக்கத்துலயே ஃபோன். மழைக்கு முக்கா மணி நேரத்துக்கு முன்னாலேயே களத்துக்குக் கூப்புட ஆரம்பிச்சிருக்கறாரு. எந்நேரமும் எங்கேஜ்டு. திருப்பித் திருப்பி அடிச்சிருக்கறாரு, இருபது தடவைக்கு மேலன்னு லோகநாயகி சொன்னா. எந்திரிச்சு நடக்கப் பாத்துக் கட்டில்ல இருந்து சரிஞ்சிருக்கறாரு. அவரைத் தூக்கி வெச்சுப்போட்டுத்தான் இவ வண்டிய எடுத்திருக்கறா. இதைக் கேட்டப்ப மட்டும் எனக்கு என்னமோ மாதிரி ஆயிப்போச்சுங்க. அவரு விழுந்ததை மட்டும் என்னால நினைச்சுப் பாக்க முடியலை.

ரூமுக்குள்ள போயிப் பாத்தேன். படம் முழுசா வந்திருந்துச்சு. தமிழ்நாடு பூராவும் வெள்ளையா மூடியிருந்துச்சு. அச்சு அசலா சரிங்க. காங்கயத்துல மழைன்னு அந்தப் படம் சொன்னது நூத்துக்கு நூறு சரி. மிசினைக் கொறை சொல்ல முடியாது, அதை லோகநாயகிகிட்டயும் சொன்னேன். அவ ஈரச் சீலையைப் புழிஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டா.

அதுக்குப் பொறகு ஒரு வாரம் அவ ஊட்டுக்குச் சோறு திங்கக்கூட வரலீங்க. கறுத்த பருப்பத் தனியா, தப்பிச்ச பருப்பத் தனியாப் பொறுக்கி, சோப்புக்கு எண்ணெய் எடுக்கறவங்களை எங்கியோ புடிச்சுக் கறுத்ததைத் தள்ளி விட்டா. மில்லுக்காரரை நேர்ல போயிப் பாத்து, அடுத்த தடவை சரியாக் குடுக்கறோம்னு சொல்லிட்டு வந்தா. அந்தத் தடவை சரியாவே குடுத்தா. கதவுல நான் எழுதினதை மழை அழிச்சிருந்துச்சு. மறுபடி எழுதட்டுமான்னேன். வேண்டாமுங்கன்னா.

ஆடி கழிஞ்சுது. மாமனாரு ரெண்டு பேரையும் ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. நான் புது வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுப் போனேன். மனசுல ஒரு ஓரமா இருந்துச்சுங்க. ஒரு மழையை வெச்சு ஒரு மனுசனை எடை போடுவாங்களான்னு ஒரு நம்பிக்கை. பத்திரத்தைப் படிச்சாங்க. லோகநாயகி பேரு. அப்பறம் சாட்சின்னாங்க, மொதல் சாட்சி நானுங்க. எடம் தாராளமா விட்டிருந்தாங்க, முழுப் பேரையும் எழுதினேன். எழுதி முடிக்கறப்ப கண்ணு கலங்கிருச்சு. மை காயறதுக்குள்ள மாமனாரு பத்திரத்தை எடுத்து மடிச்சு அவகிட்டக் குடுத்துட்டாரு.

சரி, விடுங்க. பத்திரத்துல பேரு இல்லீன்னா என்ன? இப்ப எனக்கு அதை விடப் பெரிய பொறுப்பு. கோயமுத்தூர்ல ஆபீஸ் போடறோமுங்க. ரூம் எடுத்தாச்சு. நெட்டுக்கு அங்க லைன் நல்லா இருக்குமாம், லோகநாயகியே விசாரிச்சிருக்கறா. நான் அங்கயே தங்கி, தெனமும் நெட்டுல மழையும் மார்க்கெட்டும் பாத்து வெச்சிருக்கோணும். களம் காங்கயத்துல, மூளை கோயமுத்தூர்ல. இதுல யாரு பெரியவங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

பாத்ததை யாருக்கு அனுப்பறதுன்னு கேட்டேன். அனுப்ப வேண்டாமுங்க, எழுதி வெச்சுக்கங்க, வேணும்னா நானே ஃபோன் பண்ணிக் கேட்டுக்கறேன்னா. அப்படீன்னா அந்த நேரம் நெட்டு ஓடாம இருக்கோணுமேன்னேன். இல்லீங்க, நீங்க பாட்டுக்கு ஓட்டுங்கன்னா.

பஸ் ஏத்தி விடறதுக்கு ரெண்டு பேருமே வந்திருந்தாங்க. மாமனாரு குச்சி ஊனிக்கிட்டு, அந்த இடுப்போட. அதுவே பெரிய மரியாதைங்களே. எப்ப வரட்டும்னு லோகநாயகியக் கேட்டேன். பொங்கலுக்கு வாங்கன்னா. இப்ப ஆவணி. நடுவால தீபாவளி வருதே புள்ளைன்னேன். தீபாவளிக்குப் பஸ்ஸெல்லாம் கூட்டமா இருக்குமுங்கன்னா. அதுவும் நிசந்தான், கூட்டத்துல லேப்டாப்பு நசுங்கிரும்.

மாமனாரு அது வரைக்கும் வானத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. வண்டி கெளம்பற நேரத்துக்குச் சன்னல் பக்கமா வந்தாரு. கம்பியைப் புடிச்சுக்கிட்டு மெதுவாக் கேட்டாரு. "மாப்ள, நீங்க தங்கற பக்கம் களம் கிளம் ஏதும் இல்லீங்களே?"

இல்லீங்க மாமா, மாடி ரூமுன்னேன்.

அப்பச் சரின்னாரு.

வெயில்ல நின்னு என்ற ஒடம்பு கெட்டுறக்கூடாதுன்னுதான் கேட்டிருப்பாரு. அப்படித்தானுங்க? நீங்க படிச்சவரு, சொல்லுங்க. வேற எதுக்குங்க கேட்டிருப்பாரு?